மாதவிலக்குத் தவறினால் சர்க்கரையையும் பாருங்கள்

பெண் மக்களைப் பெற்றெடுத்த வீடுகளில் அண்மைக் காலமாக அடிக்கடி காதில் விழும் சொல் ‘நீர்க்கட்டி’ என்பதாகும். பருவமடைந்து ஆண்டுகள் பல சென்ற பின்னரும் மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை, மூன்று மாதத்திற்கு ஒருமுறை என்று தள்ளிப்போகிறது. முகத்தில் பருக்கள், மேலுதட்டிலும் தாடையிலும் முடி, கழுத்தின் பின்புறத்தில் கருமை, நாளுக்கு நாள் ஏறும் எடை. ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், “சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருக்கின்றன” என்கிறார். அன்று முதல் அவ்வீட்டுப் பெரியவர்களின் உள்ளத்தில் எழும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “இவளுக்குக் குழந்தை பிறக்குமா?”

இக்கேள்வி எழுவது இயல்பே. ஆயினும் இதனோடு சேர்த்துக் கேட்க வேண்டிய மற்றொரு கேள்வியைப் பெரும்பாலான வீடுகளில் யாரும் கேட்பதில்லை. “இவள் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு?” என்பதே அது. மாதவிலக்குத் தவறுவது கருப்பையோடும் சினைப்பையோடும் மட்டும் நின்றுவிடும் செய்தியன்று. பல பெண்களுக்கு, பத்து இருபது ஆண்டுகள் கழித்து வரவிருக்கும் நீரிழிவுக்கு அது முன்னறிவிப்பாக அமைகிறது. இந்த முன்னறிவிப்பைப் படிக்கத் தெரிந்துகொண்டால், வரும் நோயைத் தள்ளிப்போடவும், பலருக்கு வராமலே தடுக்கவும் வழியுண்டு.

புதுவையின் கணக்கு

இச்செய்தி எல்லா ஊர்களுக்கும் பொருந்துமெனினும், புதுவை வாழ் குடும்பங்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்துவதற்குத் தக்க காரணம் உண்டு.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து 2008 முதல் 2020 வரை நாடு தழுவிய ஆய்வு ஒன்றை நடத்தின. இருபது வயதைக் கடந்த 1,13,043 பேர் அதில் பரிசோதிக்கப்பட்டனர். அதன் முடிவுகள் 2023ஆம் ஆண்டு ‘லான்செட்’ குழும மருத்துவ இதழில் வெளியாயின. நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 11.4 பேருக்கு நீரிழிவு இருந்தது. கோவாவில் அது 26.4. அதற்கு அடுத்தபடியாகப் புதுச்சேரியில் 26.3. அதாவது, வயது வந்தோர் நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு!

உடல் பருமனிலோ புதுவைக்கே முதலிடம். நாட்டில் நூற்றுக்கு 28.6 பேர் பருமனானவர்கள் என்றால், புதுச்சேரியில் 53.3 பேர். வயிற்றுப் பருமன் நாட்டில் 39.5, புதுச்சேரியில் 61.2. 

இக்கணக்கு ஆண், பெண் இருபாலாரையும் சேர்த்ததாகும். இத்தகைய ஊரில் பிறந்து வளரும் ஒரு பெண், பாட்டனாருக்குச் சர்க்கரை, தந்தைக்குச் சர்க்கரை, தாய்க்குச் சர்க்கரை என்ற வழியில் வந்தவளாகவே பெரும்பாலும் இருப்பாள். அவளுக்கு மாதவிலக்கும் ஒழுங்கின்றி இருக்குமாயின், அதனை ‘வயசுக் கோளாறு’ என்றோ, ‘கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்’ என்றோ ஒதுக்கிவிடுதல் எவ்வாறு பொருந்தும்?

நோயின் பெயரும் வரலாறும்

மருத்துவர்கள் இந்நோயைச் சுருக்கமாகப் ‘பி.சி.ஓ.எஸ்.’ என்பர். ‘பி.சி.ஓ.டி.’ என்று வழங்குவோரும் உண்டு. உலகில் கருவுறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை தமக்கு இந்நோய் இருப்பதையே அறியாதவர்கள் என்பது கவலைக்குரிய செய்தி.

‘நீர்க்கட்டி’ என்ற பெயர் பலரைத் தேவையின்றி அச்சுறுத்திவிட்டது. ஸ்கேனில் தெரிபவை உண்மையில் கட்டிகள் அல்ல; முழு வளர்ச்சி பெறாமல் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகளே அவை. புற்றுநோயும் அன்று. அவற்றை அறுத்தெடுக்க வேண்டிய அவசியமும் இல்லை.

1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இர்விங் ஸ்டெய்ன், மைக்கேல் லெவந்தால் என்னும் இரு மருத்துவர்கள், மாதவிலக்கு நின்றிருந்த ஏழு பெண்களைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். அவர்கள் சினைப்பையின் ஒரு பகுதியை அறுத்து நீக்கியதும் எழுவருக்கும் மாதவிலக்குத் திரும்பிற்று, இருவர் கருவுற்றனர். அதன்பின் நெடுங்காலம் இது சினைப்பையின் நோயாகவே கருதப்பட்டு வந்தது.

ஆனால், அதற்கும் முன்பே 1921இல் அஷார், தியேர் என்னும் இரு பிரெஞ்சு மருத்துவர்கள், முகத்தில் முடி வளர்ந்த பெண்களிடம் நீரிழிவும் காணப்படுவதை எழுதியிருந்தனர். அவர்கள் கண்டது நாம் இங்குப் பேசும் நோயேதான் என்று கூற இயலாவிடினும், முடியும் சர்க்கரையும் ஒரே உடலில் கைகோத்து வருவதை முதலில் கவனித்தவர்கள் அவர்களே. 1980இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகர ஆய்வாளர்கள், இந்நோயுள்ள பெண்களின் இரத்தத்தில் இன்சுலின் அளவு மிகுந்திருப்பதைக் கண்டறிந்தனர். அன்று முதல் இந்நோயைப் பற்றிய பார்வையே மாறிற்று எனலாம்.

உடலுக்குள் நடப்பது என்ன?

நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் செரித்துச் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரையைத் தசைகளுக்குள் புகுத்தும் திறவுகோல்தான், கணையம் சுரக்கும் இன்சுலின். சிலருடைய உடலில் இத்திறவுகோலுக்குப் பூட்டு எளிதில் திறப்பதில்லை. கணையமோ விடுவதில்லை, ஒரு திறவுகோலுக்கு இரண்டாக, மூன்றாகச் சுரந்து தள்ளுகிறது. சர்க்கரை கட்டுக்குள் நிற்கிறது. எனவே சாதாரணப் பரிசோதனையில் ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று முடிவு வருகிறது. ஆனால் இரத்தத்தில் இன்சுலின் பெருகிக் கிடக்கிறது.

இப்பெருக்கு இரண்டு இடங்களில் தன் வேலையைக் காட்டுகிறது. ஒன்று, சினைப்பை. தசைகள் இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுத்தாலும், சினைப்பை அவ்வாறு மறுப்பதில்லை. இன்சுலின் மிகுந்ததும் அது ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்மைச் சுரப்பைக் கூடுதலாக உண்டாக்குகிறது. மற்றொன்று, கல்லீரல். ஆண்மைச் சுரப்பைப் பிடித்துக் கட்டி வைக்கும் புரதம் ஒன்றைக் கல்லீரல் உண்டாக்கி வருகிறது. இன்சுலின் மிகுந்தால் அப்புரதம் குறைந்துவிடுகிறது. கட்டவிழ்ந்த ஆண்மைச் சுரப்பு உடலெங்கும் உலவுகிறது. முகத்தில் பருவும் முடியும் தோன்றுகின்றன, தலைமுடி உதிர்கிறது, முட்டைப் பைகள் முதிராமல் பாதியில் நின்றுவிடுகின்றன. முட்டை வெளிப்படாத மாதத்தில் மாதவிலக்கும் தள்ளிப்போகிறது.

கழுத்தின் பின்புறத்திலும் அக்குளிலும் வெல்வெட்டுத் துணிபோல் படரும் கருமை, பெரும்பாலும் இன்சுலின் பெருக்கத்தின் அடையாளமாகும். அழுக்கென்று எண்ணி, நாரைக் கொண்டு தோல் சிவக்கத் தேய்க்கும் தாய்மார்கள் இதனை அறிந்துகொள்ளல் நலம்.

எடையின் பங்கு இங்கேதான் வருகிறது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, பூட்டை மேலும் இறுகச் செய்கிறது. அதனால் இன்சுலின் இன்னும் பெருகுகிறது. பெருகிய இன்சுலினோ, கொழுப்பைச் சேர்த்து வைக்குமாறு உடலை ஏவுகிறது. எடை நோயை வளர்க்க, நோய் எடையை வளர்க்க, செக்குமாட்டைப் போல் உடல் ஒரே வட்டத்தில் சுற்றி வருகிறது. ஆகவே, “தின்று தின்று பெருத்துவிட்டாள், அதனால்தான் இந்த நோய்” என்று ஒரு பெண்ணைக் கடிந்துகொள்வது அறியாமையாகும். நோயின் வேர் பரம்பரையிலும் சுரப்பிகளிலும் இருக்கிறது. அவள் குற்றவாளி அல்லள்.

மெலிந்தவர்களுக்கும் உண்டு

“என் மகள் ஒல்லியாகத்தானே இருக்கிறாள்?” என்று சில தாய்மார்கள் கேட்கக்கூடும். பி.சி.ஓ.எஸ். மெலிந்த பெண்களையும் விட்டுவைப்பதில்லை. பருமனில்லாத நோயாளிகளிடமும் இன்சுலின் சரிவர வேலை செய்யாதிருப்பதை 1989இல் ஆந்திரியா துனைஃப் என்னும் அமெரிக்க மருத்துவரின் ஆய்வு காட்டியது.

நம் நாட்டவரின் உடலமைப்பில் மற்றொரு நுட்பமும் உண்டு. புனே நகரத்து மருத்துவர் யாக்னிக், தம் ஆங்கிலேய நண்பரான மருத்துவர் யுட்கினுடன் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு படம் 2004இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. உயரத்திற்கு ஏற்ற எடையைக் குறிக்கும் எண் இருவருக்கும் ஒன்றே, 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலிலோ 21.2 விழுக்காடு! பார்வைக்கு மெலிந்த இந்திய உடலுக்குள்ளும் கொழுப்பு ஒளிந்திருக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இக்காரணத்தாலேயே நமக்குரிய அளவுகோல் சற்றுக் கடுமையானது. கிலோ கணக்கிலுள்ள எடையை, மீட்டர் கணக்கிலுள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் வரும் எண், இந்தியர்களுக்கு 23ஐத் தாண்டினால் அதிக எடை. 25ஐத் தொட்டால் பருமன். 155 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 55 கிலோவைக் கடந்தால் எச்சரிக்கை. 60 கிலோவை எட்டினால் பருமன். இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். தையல்காரர் பயன்படுத்தும் நாடா ஒன்றிருந்தால் இதனை வீட்டிலேயே அளந்துகொள்ளலாம்.

நோயைக் கண்டறிவது எப்படி?

மூன்று அடையாளங்களில் இரண்டேனும் இருந்தால், பி.சி.ஓ.எஸ். என்று மருத்துவர்கள் முடிவு செய்வர். ஒழுங்கற்ற மாதவிலக்கு முதலாவது. ஆண்மைச் சுரப்பு மிகுந்ததற்கான அடையாளம் இரண்டாவது. அது முகத்து முடியாகவும் இருக்கலாம், இரத்தப் பரிசோதனை முடிவாகவும் இருக்கலாம். சினைப்பையில் முட்டைப் பைகள் மிகுந்து காணப்படுவது மூன்றாவது. தைராய்டுக் கோளாறு போன்ற பிற காரணங்கள் இல்லையென்று உறுதி செய்த பின்னரே இம்முடிவுக்கு வருதல் வேண்டும்.

வயதுப் பெண்களின் தாய்மார்கள் ஒன்றைக் கருத்தில் கொள்க. பருவமடைந்த முதல் ஆண்டில் மாதவிலக்கு முன்பின்னாக வருவது இயற்கையே. மூன்று ஆண்டுகள் கடந்த பின்னரும் 35 நாட்களுக்கு மேல் தள்ளிப்போவதும், ஆண்டுக்கு எட்டு முறைக்கும் குறைவாக வருவதும் இயற்கையல்ல. பருவமடைந்து எட்டு ஆண்டுகள் ஆகாத பெண்களுக்கு ஸ்கேனை வைத்து இந்நோயை முடிவு செய்தல் கூடாது என்று 2023ஆம் ஆண்டின் பன்னாட்டு மருத்துவ நெறிமுறை கூறுகிறது. அவ்வயதில் நல்ல உடல்நலமுள்ள பெண்களின் சினைப்பையும் அவ்வாறே தோற்றமளிக்கும் என்பதே காரணம். எனவே, பதினைந்து வயதுப் பெண்ணின் ஸ்கேன் காகிதத்தைக் கண்டு வீடே கலங்கவேண்டியதில்லை.

மாதவிலக்கு மூன்று மாதங்களுக்கு மேல் வராவிடில் மருத்துவரைக் காண்பது கட்டாயம். கருப்பையின் உட்சுவர் வெளியேறாமல் தடித்துக்கொண்டே போனால், பிற்காலத்தில் அது புற்றுநோய்க்கும் வழிவகுக்கக்கூடும். இதற்கு நேர்மாறாக, வந்த உதிரம் பல நாட்கள் நிற்காமல் போவதும் இந்நோயில் உண்டு. அத்தகைய நாட்களில் தொழுகை, நோன்பு பற்றி எழும் ஐயங்களை மார்க்க அறிஞர்களிடம் கேட்டுத் தெளியும் நம் பெண்கள், அதே வேகத்தில் மருத்துவரையும் நாடுதல் வேண்டும்.

கேட்டுப் பெறவேண்டிய பரிசோதனை

இனி, இக்கட்டுரையின் உயிர்நாடியான செய்திக்கு வருவோம். பி.சி.ஓ.எஸ். என்று தெரிந்த நாளிலேயே சர்க்கரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். பெண்ணின் வயது என்ன, எடை என்ன என்று பார்க்க வேண்டியதில்லை. அதன்பின் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைத் திரும்பச் செய்யவேண்டும் என்று அந்நெறிமுறை வலியுறுத்துகிறது.

எந்தப் பரிசோதனை என்பதும் முக்கியம். வெறும் வயிற்றில் மட்டும் இரத்தம் எடுத்துப் பார்ப்பது போதாது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையே சிறந்தது. இரண்டு மணி நேர அளவு 140க்குக் கீழ் இருந்தால் சரி. 140 முதல் 199 வரை இருந்தால் நீரிழிவின் வாசற்படியில் நிற்பதாகப் பொருள். 200ஐ எட்டினால் நீரிழிவு. வெறும் வயிற்று அளவு 100 முதல் 125 வரை வாசற்படி. 126 முதல் நீரிழிவு. இரத்தக் கொழுப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்க. இரத்த அழுத்தத்தை ஆண்டுதோறும் அளந்துகொள்க. 

அரசு சுகாதார நிலையங்களில் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் கண்டறியும் திட்டம் முப்பது வயதைக் கடந்தோருக்கானது. மாதவிலக்குத் தவறும் பெண்ணுக்கோ பெரும்பாலும் வயது பதினெட்டு, இருபது, இருபத்தைந்து. திட்டம் தன்னைத் தேடி வரும் வரை அவள் காத்திருந்தால், விலைமதிப்பற்ற பத்தாண்டுகள் வீணாகிவிடும். ஆகவே, பரிசோதனையை நாமே கேட்டுப் பெறவேண்டும். கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையும், எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசின் மகளிர், குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கும் ஊர் இது. “குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனை எனக்குத் தேவையா?” என்று மருத்துவரிடம் கேட்பதற்குக் கூச்சமும் வேண்டாம், அச்சமும் வேண்டாம்.

எவ்வளவு எடை குறைந்தால் போதும்?

பெண்கள் பலர் மனமுடைந்து போவதற்குக் காரணம், இருபது கிலோ, முப்பது கிலோ குறைக்கவேண்டுமென்று எண்ணுவதே. அவ்வளவு தேவையில்லை. இருக்கும் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைந்தாலே பலருக்கு மாதவிலக்குச் சீராகிறது, முட்டை வெளிப்படுகிறது, சர்க்கரையும் இறங்குகிறது. எழுபது கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஐந்து விழுக்காடு என்பது மூன்றரைக் கிலோ. ஆறு மாதத்தில் அடையக்கூடிய இலக்குதான் இது. எடை குறையாவிடினும், நடையும் நல்லுணவும் இன்சுலினின் வேலையை எளிதாக்கும் என்பதால், தராசு முள் அசையவில்லையே என்று முயற்சியைக் கைவிடவும் கூடாது.

பட்டினி கிடப்பது வழியன்று. இந்நோய்க்கென்று தனிச் சிறப்புடைய உணவு முறை எதுவுமில்லை என்பதே மேற்கூறிய நெறிமுறையின் முடிவு. நாள் தவறாமல் பின்பற்றக்கூடிய, சத்துகள் நிறைந்த எந்த உணவும் நல்லுணவே. ‘நீர்க்கட்டியைக் கரைக்கும் பொடி’ என்று விளம்பரப்படுத்தப்படுபவற்றில் பணத்தையும் காலத்தையும் இழக்கவேண்டாம்.

நம் அடுப்படியில் செய்ய வேண்டியவை

நம் வீடுகளில் மூன்று வேளையும் மாவுப்பொருளே ஆட்சி செய்கிறது. காலையில் இடியாப்பமும் சீனியும், அல்லது புதுவைக்கே உரிய நீண்ட பிரெஞ்சு ரொட்டி, நண்பகலில் வெள்ளைச் சோறு, இரவில் பரோட்டா. இடையிடையே சீனி இட்ட தேநீர். விருந்தென்றால் பிரியாணி, அல்லது நெய்ச்சோறும் தால்ச்சாவும், முடிவில் இனிப்பு.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் விலக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது. தட்டின் பங்கீட்டை மாற்றினாலே போதும். தட்டில் பாதி, காய்கறியும் கீரையும். கால் பங்கு, மீன், முட்டை, தோல் நீக்கிய கோழி, பருப்பு, சுண்டல் ஆகியவற்றில் ஒன்று. எஞ்சிய கால் பங்கே சோறு. முதலில் காயையும் மீனையும் உண்டு, பிறகு சோற்றுக்குச் சென்றால், சர்க்கரை ஏறும் வேகம் குறையும். கடற்கரை ஊரில் வாழும் நமக்கு மத்தியும் காரலும் எட்டாத பொருளல்ல; பொரிப்பதற்குப் பதிலாகக் குழம்பாக்கினால் எண்ணெயும் மிச்சம். மைதா ரொட்டியையும் பரோட்டாவையும் வாரத்தில் ஒரு நாளைக்கு ஒதுக்குங்கள். தேநீரில் சீனியை வாரத்திற்குக் கால் கரண்டி வீதம் குறைத்து வந்தால், ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். மகளுக்கு மட்டும் தனித் தட்டு வைத்து, மற்றவர்கள் எதிரில் அமர்ந்து பிரியாணி உண்பது சிகிச்சையன்று, தண்டனை. மகளைத் தாக்கும் அதே சர்க்கரைதான் தந்தையின் பாதத்தையும் தாயின் கண்ணையும் தாக்குகிறது. நால்வரில் ஒருவருக்கு நீரிழிவுள்ள ஊரில், அவளுக்கு ஏற்ற உணவே குடும்பம் முழுமைக்கும் ஏற்ற உணவாகும்.

நடப்பதற்கு இடமா இல்லை?

வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை வேகமாக நடப்பது நன்று. “பெண் பிள்ளைகள் எங்கே போய் நடப்பது?” என்ற கேள்வி நம் வீடுகளில் எழுவதுண்டு. புதுவைவாசிகளுக்கு இறைவன் அளித்த வாய்ப்பு பெரிது. கூபேர் சாலை எனப்படும் கடற்கரைச் சாலை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுடையது. மாலை முதல் மறுநாள் காலை வரை அதில் வாகனங்கள் அனுமதிக்கப்படுவதில்லை. முல்லா வீதி, காஜியார் வீதிப் பகுதிகளில் வாழ்வோர்க்கு அது நடந்தே செல்லும் தொலைவுதான். அச்சாலையில் ஒருமுறை சென்று திரும்பினால் மூன்று கிலோமீட்டர். வேகமாக நடந்தால் முப்பத்தைந்து முதல் நாற்பது நிமிடம். வாரம் ஐந்து நாள் நடந்தால் மூன்று மணி நேரம் ஆகிவிடும். பர்தா அணிந்த நிலையிலும் தாராளமாக நடக்கலாம்; காலுக்குப் பொருத்தமான காலணி ஒன்றே போதும். தாயும் மகளும், மாமியும் மருமகளும் சேர்ந்து நடந்தால் துணைக்குத் துணை, பேச்சுக்குப் பேச்சு, உடலுக்கு உறுதி.

வெளியே செல்ல இயலாதவர்கள் மாடிப்படி ஏறி இறங்கலாம். மொட்டை மாடியில் நடக்கலாம். தண்ணீர்க் குப்பிகளைக் கையில் ஏந்தித் தசைகளுக்கு வேலை தரலாம். வலுவான தசை, சர்க்கரையை விரைந்து ஏற்றுக்கொள்ளும்.

மருந்துகளும் நோன்பும்

உணவும் நடையும் அடித்தளம். தேவையானவர்களுக்கு மருந்தும் உண்டு. அவற்றுள் மெட்ஃபார்மின் பலரும் அறிந்தது. ஐரோப்பாவில் மருந்தாகப் பயன்பட்டு வந்த ‘கலேகா’ என்னும் செடியைப் பற்றிய ஆராய்ச்சியின் வழிவந்த இம்மருந்தை, நீரிழிவு நோயாளிகளுக்குக் கொடுத்து 1957இல் முடிவுகளை வெளியிட்டவர் பாரிஸ் நகரத்து மருத்துவர் ழான் ஸ்டெர்ன். 1994இல் வெனிசுலா நாட்டு மருத்துவர்கள் இதனைப் பி.சி.ஓ.எஸ். பெண்களுக்குப் பயன்படுத்திய செய்தி வெளிவந்தது. பூட்டின் இறுக்கத்தைத் தளர்த்துவதே இதன் பணி. “சர்க்கரை இல்லாதவளுக்குச் சர்க்கரை மாத்திரை எதற்கு?” என்று சில வீடுகளில் இதனை நிறுத்திவிடுகின்றனர். மருத்துவரைக் கேளாமல் அவ்வாறு செய்யலாகாது.

மாதவிலக்கை ஒழுங்குபடுத்தும் ஹார்மோன் மாத்திரைகளும், முகத்து முடியைக் கட்டுப்படுத்தும் மருந்துகளும் உள்ளன. எடையைக் குறைக்கும் புதிய ஊசி மருந்துகளும் இப்போது வந்துவிட்டன. மருத்துவரின் மேற்பார்வையின்றி அவற்றைப் போட்டுக்கொள்ளுதல் கூடாது. கருத்தரிக்க எண்ணும் பெண்கள் அதற்கு முன்பே அவற்றை நிறுத்திவிட வேண்டும் என்பதையும் அறிக.

ரமளான் மாதத்தில் நோன்பு நோற்க விரும்பும் பெண்கள், நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரைக் கண்டு மாத்திரை வேளைகளை மாற்றி அமைத்துக்கொள்ளட்டும். மெட்ஃபார்மின் மட்டும் உட்கொள்வோருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துபோவது அரிது. சஹரிலும் இஃப்தாரிலும் எவ்வளவு என்பதை மருத்துவர் பிரித்துத் தருவார். இன்சுலின் ஊசியும் வேறு மாத்திரைகளும் உள்ளவர்களுக்கு முன்யோசனை இன்னும் கட்டாயம். நோன்புக் கஞ்சி நல்லுணவே. அதனருகில் குவியும் சமோசாவும் வடையும் சர்பத்தும்தான், பகலெல்லாம் காத்த கட்டுப்பாட்டை ஒரு நாழிகையில் அழித்துவிடுகின்றன.

திருமணமும் தாய்மையும்

முதலில் எழுந்த கேள்விக்கும் விடை காண்போம். பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களில் பெரும்பாலோர் தாயாகின்றனர். சிலருக்கு மருத்துவ உதவி தேவைப்படலாம். முட்டையை வெளிக்கொணர ‘லெட்ரோசோல்’ என்னும் மாத்திரையே இன்று முதலில் தரப்படுகிறது. ‘மலடி’ என்ற சொல்லுக்கு இங்கு இடமே இல்லை.

ஆனால் கருவுறுவதோடு கவனம் முடிந்துவிடுவதில்லை. இப்பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் வரும் வாய்ப்பு, மற்றவர்களைக் காட்டிலும் அதிகம். எனவே கருவுறும் முன்போ, கருவுற்றதும் தொடக்கத்திலேயோ குளுக்கோஸ் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். 24 முதல் 28 வாரங்களுக்குள் மீண்டும் ஒருமுறை செய்துகொள்ள வேண்டும்.

நோயை மறைத்துத் திருமணம் முடிப்பதும், திருமணத்தையே மருந்தாக எண்ணுவதும் தவறு. நிக்காஹ் எந்தச் சுரப்பியையும் சீராக்குவதில்லை. மருமகளாக வந்த பெண்ணிடம், “இன்னும் விசேஷம் இல்லையா?” என்று மாதந்தோறும் கேட்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளட்டும். இந்நோயுள்ள பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் மிகுதியாகக் காணப்படுகின்றன. அதனால் உள்ளத்தின் நிலையையும் கேட்டறியுமாறு மருத்துவர்களுக்கே நெறிமுறை வகுக்கப்பட்டுள்ளது. மருத்துவர் கேட்டறிய வேண்டிய அந்தத் துயரத்தை, நம் நாவினால் நாமே வளர்க்கலாமா?

தந்தையர்க்கும் சகோதரர்க்கும் கணவர்க்கும் ஒரு சொல். இது பெண்கள் தமக்குள் பேசி முடிக்கவேண்டிய ‘உள்வீட்டு’ விஷயம் என்று ஒதுங்கி நிற்காதீர்கள். பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதும், கடைத்தெருவில் சீனிக்கும் மைதாவுக்கும் பதிலாகக் காயும் மீனும் வாங்கி வருவதும், மாலையில் அவளோடு சேர்ந்து கடற்கரை வரை நடப்பதும் உங்கள் கடமையே.

பருமனாக இருக்கும் மகளைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதால் அவள் எடை ஒரு குன்றிமணி அளவும் குறையப்போவதில்லை. அவள் மாதவிலக்கு நாட்களை ஒரு நாட்குறிப்பில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், இடுப்பை அளந்து பாருங்கள், சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இருபது வயதில் கேட்கும் எச்சரிக்கை மணிக்கு வீடு முழுவதும் செவிசாய்த்தால், நாற்பது வயதில் நீரிழிவு அவ்வீட்டு வாசலைத் தட்டாமல் காத்துக்கொள்ளலாம், இன்ஷா அல்லாஹ்.